தசமபாகமும் ஸ்காட்லாந்துக் குடியானவனும்



லேவியருக்குச் சர்வேசுரன் குறித்த தசமபாகத்தைப்பற்றி ஞானோபதேசத்தில் கேட்டிருக்கிறீர்கள். அது கிறிஸ்தவ தேசமொன்றில் நடந்த விதத்தைச் சற்றுப் பார்ப்போம்.

ஸ்காட்லாந்தில் அதற்கு ‘டீண்ட்’ என்று பெயர். முதலாம் தாவீது அரசர் காலத்தில் (1124–1153) கோவில் பங்குகளுக்கு எல்லை வகுக்கப்பட்டு, குடியானவன் விளைச்சலில் பத்திலொன்றைத் தன் பங்குக் கோவிலுக்கே கொடுக்கவேண்டுமென்பது சட்டமாயிற்று. குருவின் சீவனத்துக்கும் கோவிலுக்கும் ஏழைகளுக்கும் என்று ஏற்பட்டது அது. இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

கெடுதல் பின்னால் வந்தது. பிரபுக்கள் புண்ணியமென்றெண்ணித் தங்கள் ஊர்க் கோவில்களை மடங்களுக்கும் மேற்றிராசனக் கோவில்களுக்கும் எழுதிக்கொடுத்தார்கள். கோவிலோடு தானியமும் போயிற்று. 1560-ல் பிரிவினை நேர்ந்தபோது, பத்துப் பங்குகளில் எட்டுக்கு மேற்பட்டவற்றின் வருமானம் இப்படி வெளியே போய்க்கொண்டிருந்தது. ஊரிலிருந்த பதில் குருவுக்கு மிஞ்சியது சொற்பம். ஆகையால் அவர் சாவுக் காணிக்கையை விடாமல் கேட்டார். 1552-ல் கூப்பர் நகரில் நடந்த சர் டேவிட் லிண்ட்சேயின் நாடகத்தில், தகப்பன், தாய், மனைவி மூவரும் இறக்க, சாவுக்கொரு பசுவாகக் குருவானவர் மூன்றையும் எடுத்துக்கொண்டாரென்று ஓர் ஏழை முறையிடுகிறான். நாடகந்தானே என்று தள்ளிவிடவேண்டாம். நம்மவர்மேல் சொல்லப்பட்ட குற்றமென்பதால் மட்டும் அது பொய்யாகிவிடாது.

பிரிவினைக்குப் பிறகாவது குடியானவன் தப்பினானா? இல்லை. டீண்ட் பெரும்பாலும் பிரபுக்கள் கைக்குப் போயிற்று. அவர்களுடைய ஆள் வந்து பத்தாவது கதிர்க்கட்டைப் பிரித்தெடுக்கும்வரை அறுத்த பயிரை வயலைவிட்டு எடுக்கக்கூடாது. மழை காத்திருக்குமா? முதலாம் சார்லஸ் அரசர் காலத்தில், 1633-ல், அது நிலக்குத்தகையில் ஐந்திலொன்று என்று மதிப்பிடப்பட்டது. கடைசியாக மீந்திருந்த டீண்ட் 2004-ல் அடியோடு நீங்கியது.

ஜனங்களின் கதைகளிலும் இந்த வார்த்தை புகுந்தது. குன்றுகளில் வாழும் மோகினிகள் ஏழு வருஷத்துக்கொருமுறை நரகத்துக்கு டீண்ட் கட்டுவார்களாம். தானியமல்ல, ஓர் ஆள். ‘டாம் லின்’ என்ற கதைப்பாட்டில் மோகினி ராணியிடம் சிறைப்பட்ட வாலிபன், இம்முறை தன்னையே கொடுத்துவிடுவார்களென்று நடுங்குகிறான். 1588-ல் சூனியக்காரியென்று தண்டிக்கப்பட்ட அலிசன் பியர்சன் என்ற ஸ்திரீயின் விசாரணையிலும் இதே பேச்சு. பசாசுக்குக் கட்டும் கப்பத்துக்குக் கோவில் காணிக்கையின் பெயரை ஏன் வைத்தார்கள்? கொடுத்தது எங்கே போகிறதென்று காணாதவர்களுக்கு அந்தப் பெயர்தான் வாயில் வந்தது போலும்.

அந்த வாலிபன் தப்பினான். சகல அர்ச்சியசிஷ்டவர்கள் திருநாளுக்கு முந்தின இரவில் ஜேனட் என்ற பெண் அவனைக் குதிரையிலிருந்து இழுத்து அணைத்துக்கொண்டாள். அவன் பாம்பாகவும் பழுக்கக் காய்ந்த இரும்பாகவும் மாறியபோதும் பிடித்த பிடியை விடவில்லை.