நாலு சக்கரமும் இழுத்தால் வண்டி வழுக்காதா?

கோவைக்குக் காரும் ரேஸும் புதிதல்ல. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே 2003 முதல் இருக்கிறது. 2005ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் இந்த ஊர்க்காரர். இப்படிப்பட்ட ஊரிலும், வண்டி எடுக்கப் போகிறவரிடம் "ஆல் வீல் டிரைவ் எடுத்துருங்க, மழையில பயமே வேண்டாம்" என்று ஒருவர் சொல்கிறார். "ஸ்போர்ட்ஸ் கார்னா அது ரியர் வீல் டிரைவ்தானுங்க" என்று இன்னொருவர் அடித்துப் பேசுகிறார். முதலாவதில் நாலு சக்கரமும் வண்டியை இழுக்கும், இரண்டாவதில் பின்சக்கரங்கள் மட்டும் தள்ளும். இருவர் பேச்சிலும் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை நம்பிக்கொண்டு ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளையும், பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27 வளைவுகளையும் அடைமழையில் ஏறி இறங்குவது ஆபத்து. ஆகவே ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

நம்பிக்கை 1: ஆல் வீல் டிரைவ் இருந்தால் மழையில் வண்டி சட்டென்று நிற்கும், வளைவில் வழுக்காது.

உண்மை: வண்டி கிளம்புவதும் வேகம் எடுப்பதும் ஒரு வேலை, நிற்பதும் திரும்புவதும் வேறு வேலை. முதல் வேலையில் ஆல் வீல் டிரைவ் பெரிய உதவி செய்கிறது. வண்டியின் எடை முன்னும் பின்னும் சரிபாதியாக இருக்கிறது என்று வையுங்கள். பின்சக்கரம் மட்டும் தள்ளும் வண்டி, தரையில் கிடைக்கும் பிடியில் ஏறக்குறைய பாதியைத்தான் கிளம்பப் பயன்படுத்த முடியும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது எடை பின்னுக்குச் சாய்வதால் இன்னும் கொஞ்சம் சேரும். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கோ முழுப் பிடியும் கைவசம். ஈரச் சாலையில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரியும்.

பிரேக் கதை வேறு. எந்தக் காராக இருந்தாலும் பிரேக் நாலு சக்கரத்திலும்தான் இருக்கிறது. ஈர ரோட்டில் டயரின் பிடி, வண்டி எடையில் பாதி அளவு என்று வைத்துக் கணக்குப் போடுவோம். 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் அடித்தால் வண்டி நிற்க சுமார் 50 மீட்டர் வேண்டும். ஓட்டுபவர் சுதாரித்துக் காலை வைக்க ஒரு நொடி ஆனால், அதற்குள் வண்டி 22 மீட்டர் போயிருக்கும். அது தனி. இந்தக் கணக்கில் எந்தச் சக்கரம் இழுக்கிறது என்ற கேள்வியே வரவில்லை. அதே வண்டியில் டயர் தேய்ந்து, பிடி எடையில் கால் பங்காகக் குறைந்துவிட்டால் 50 மீட்டர் 100 மீட்டர் ஆகிவிடும்.

வளைவுக்கும் இதே கணக்குதான். 15 மீட்டர் ஆரமுள்ள ஒரு கொண்டை ஊசி வளைவை, அதே ஈரத்தில், மணிக்கு 31 கிலோமீட்டருக்கு மேல் திரும்ப முடியாது. இது எந்த வண்டிக்கும் பொருந்தும் எல்லை. இறக்கத்தில் கியரைக் குறைக்கும்போது கிடைக்கும் எஞ்சின் பிரேக்கை நாலு சக்கரமும் பங்குபோட்டுக்கொள்வது ஓரளவு உதவிதான். ஆனால் எல்லையைத் தாண்டி வந்த வண்டியை அது காப்பாற்றாது.

இதில் ஒளிந்திருக்கும் ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். ரியர் வீல் வண்டி ஈரத்தில் கிளம்பும்போதே டயர் சுழன்று, ரோடு வழுக்குகிறது என்று எச்சரித்துவிடும். ஆல் வீல் டிரைவ் சத்தமில்லாமல் வேகம் எடுத்துக் கொடுக்கும். பிடி குறைவு என்பதே முதல் பிரேக்கில்தான் தெரியவரும்.

நம்பிக்கை 2: பந்தயத்தில் ஜெயிக்க நாலு சக்கரமும் இழுத்தாக வேண்டும்.

உண்மை: எந்தத் தரையில் பந்தயம் என்பதைப் பொறுத்தது. 1980ல் வந்த ஆடி குவாட்ரோ உலக ராலியையே மாற்றிப்போட்டது. பனியிலும் மண்ணிலும் அதன் பிடிக்கு ஈடில்லை. 1982ல் தயாரிப்பாளர் பட்டம் ஆடிக்குப் போனது. அந்த ஆண்டே ஓட்டுநர் பட்டத்தை வென்ற வால்டர் ரோல், பின்சக்கர ஓப்பல் அஸ்கோனா 400 ஓட்டினார். 1983ல் பின்சக்கர லான்சியா 037 இரண்டே புள்ளி வித்தியாசத்தில் ஆடியை முந்தித் தயாரிப்பாளர் பட்டம் வாங்கியது. எடை குறைந்த அந்த வண்டிக்குக் கார்சிகா போன்ற தார்ச்சாலை ராலிகள் தோதாக அமைந்தன. அதற்குப் பிறகு இரு சக்கர இழுவை வண்டி எதுவும் அந்தப் பட்டத்தைத் தொடவில்லை. நம் நாட்டின் கௌரவ் கில் 2013, 2016, 2017 ஆண்டுகளில் ஆசிய பசிபிக் ராலி சாம்பியன் ஆனது எம்.ஆர்.எஃப். அணியின் ஸ்கோடா ஃபேபியாவில். அது நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. பல்லடம் பக்கம் கேத்தனூர் காற்றாலைக் காடுகளின் மண் பாதையில் ராலி பார்த்தவர்களுக்கு, இழுவை அங்கே எவ்வளவு முக்கியம் என்று விளக்க வேண்டியதில்லை.

ரேஸ் ட்ராக்கில் நிலைமை தலைகீழ். 1969ல் லோட்டஸ், மாட்ரா, மெக்லாரன் மூன்றும் ஃபார்முலா ஒன்னுக்கு நாலு சக்கர இழுவைக் கார் கட்டிப் பார்த்தன. அதே காலத்தில் இறக்கைகளும் அகல டயர்களும் வந்து பின்சக்கரத்துக்குப் போதுமான பிடியைக் கொடுத்துவிட்டன. கூடுதல் ஷாஃப்ட், கூடுதல் டிஃபரன்ஷியல் என்று ஏறிய எடைக்குப் பலன் கிடைக்கவில்லை. 1983 முதல் விதியே அதைத் தடுத்துவிட்டது.

நம்பிக்கை 3: பின்சக்கர வண்டி என்றாலே வால் சுற்றும், புதிதாக ஓட்டுபவர்களுக்கு ஆகாது.

உண்மை: முரட்டுத்தனமாக மிதித்தால் சுற்றும். ஈர வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாலோ, பயந்து சட்டென்று காலை எடுத்தாலோ பின்பக்கம் விலகப் பார்க்கும். ஆனால் இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் உள்ள ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், தேவைப்படும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து எஞ்சினையும் அடக்கிவிடும். அம்பாசடரும் பத்மினியும் பின்சக்கர வண்டிகள்தான். எந்த எலெக்ட்ரானிக் துணையும் இல்லாமல் தலைமுறைக் கணக்கில் ஊட்டி மலை ஏறின.

பின்சக்கர இழுவையில் முன் டயர்களுக்குத் திருப்பும் வேலை, பின் டயர்களுக்குத் தள்ளும் வேலை. ஒரு டயருக்கு இருக்கும் பிடி அளவானது. கையில் உள்ள நூறு ரூபாயைப் போல, ஒரு வேலைக்குச் செலவழித்தது போக மிச்சம்தான் இன்னொன்றுக்கு. முன் டயர் தன் பிடி முழுவதையும் திருப்பத்துக்கே கொடுப்பதால் ஸ்டியரிங்கில் தரை தெளிவாகப் பேசும். ஓட்டுநரை உருவாக்குவதற்கு இது நல்ல பள்ளிக்கூடம். கோவையின் கரிவர்தன் 1980களின் கடைசியில் மாருதி 800 எஞ்சினை வைத்துக் குறைந்த செலவில் ஃபார்முலா மாருதி என்ற பின்சக்கர இழுவைப் பந்தயக் காரை உருவாக்கினார். நரேன் பந்தயம் தொடங்கியதே அதில்தான். 1995ல் விமான விபத்தில் மறைந்த அந்த மனிதரின் பெயரைத்தான் செட்டிபாளையம் ட்ராக் தாங்கி நிற்கிறது. அங்கே இன்றைய பிள்ளைகள் ஓட்டும் எல்.ஜி.பி. ஃபார்முலா 4 கார்களும் பின்சக்கர இழுவைதான்.

நம்பிக்கை 4: ஃபோர் பை ஃபோர், ஆல் வீல் டிரைவ் இரண்டும் ஒன்றுதான்.

உண்மை: இதைத் தெரியாமல் வண்டியைக் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு. ஸ்போர்ட்ஸ் காரில் வரும் ஆல் வீல் டிரைவ், முன்னுக்கும் பின்னுக்கும் எவ்வளவு சக்தி என்பதைத் தானே பிரித்துக் கொடுக்கும். எப்போதும் இயங்கலாம். மஹிந்திராவின் தார், மாருதி ஜிம்னி போன்ற ஜீப் வகைகளின் ஃபோர் பை ஃபோரில் லீவரைப் போட்டதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட தூரம் உருள வேண்டியிருக்கிறது. சேற்றிலும் மணலிலும் டயர் சறுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த சாலையில் சறுக்க வழியில்லை. ஸ்டியரிங் இறுகும், வண்டி அடைத்துக்கொண்டு இழுக்கும், கியர் பாகங்கள் முறுக்கேறும். தோட்டத்துச் சேற்றை விட்டு மேலே வந்ததும் டூ வீலுக்கு மாற்றிவிடுவதுதான் சரி.

2023 தொடக்கத்தில் தார் வண்டியில் ரியர் வீல் மட்டும் உள்ள வகையும் வந்துவிட்டது. காட்டுக்குள் இறங்காமல் அவிநாசி ரோட்டிலும் ஊட்டிப் பாதையிலும் மட்டும் ஓட்டுபவருக்கு அது எந்த வகையிலும் குறைந்ததல்ல.

நம்பிக்கை 5: ஆல் வீல் டிரைவ் வாங்கினால் டயர் பற்றிக் கவலை வேண்டாம்.

உண்மை: கவலை கூடும். நாலு டயரும் ஒரே அளவில், கிட்டத்தட்ட ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். இரண்டை மட்டும் புதிதாக மாற்றினால் சுற்றளவு வேறுபட்டு டிஃபரன்ஷியலும் கிளட்ச் தகடுகளும் ஓயாமல் உரசும். டயர் காடியின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் எந்தக் காரின் டயரும் சட்டப்படி காலாவதி. காடிக்குள் குறுக்கே இருக்கும் சிறு மேடு, மேற்பரப்பின் மட்டத்துக்கு வந்துவிட்டதா என்று விரலால் தடவினாலே தெரிந்துவிடும். ஐப்பசி மழைக்குமுன் இதைப் பார்க்காமல் மலைக்குக் கிளம்பாதீர்கள்.

ஆக, மண்ணிலும் சேற்றிலும் அடிக்கடி ஓட்டுபவர்களும், பெரிய எஞ்சினின் முழுச் சக்தியையும் ஈரத்தில் தரையில் இறக்க நினைப்பவர்களும் ஆல் வீல் டிரைவுக்குக் காசு கொடுக்கலாம். ஸ்டியரிங்கின் சுகமும் எடைக் குறைவும் வேண்டுபவர்களுக்கு ரியர் வீல் டிரைவ். எதை எடுத்தாலும் வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவு முடிந்து வண்டி நேரானதும் மெதுவாக மிதியுங்கள். வேகம் பழக ஆசைப்படும் பிள்ளைகளைத் திம்பம் வளைவுகளுக்கு அல்ல, செட்டிபாளையத்துக்கு அனுப்புங்கள். ஷோரூமில் ஆல் வீல் டிரைவுக்குக் கேட்கும் கூடுதல் பணத்தில் ஒரு பங்கை நல்ல டயருக்கு ஒதுக்கினால், மழையில் அந்த 50 மீட்டர் 50 மீட்டராகவே இருக்கும்.