மலைக்குப் போகணும்னு மகள் கேட்டால்...



மலையேற்றம், காட்டு முகாம் என்று பள்ளிக்கூடத்திலிருந்து சம்மதக் கடிதம் வந்தால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? மகன் கொண்டுவந்தால் எப்படியோ காசைப் புரட்டிக் கையெழுத்துப் போடுகிறோம். மகள் கொண்டுவந்தால், "வயசுக்கு வந்த பொண்ணு, காடு மலையெல்லாம் எதுக்கு?" என்கிறோம். இந்த மாதப் பாடம் இதைப் பற்றித்தான்.

மலாவத் பூர்ணா என்ற பெண்ணைப் பற்றித் தெரிஞ்சுக்குவோம். தெலங்கானாவில் நிஜாமாபாத் பக்கம் ஒரு கிராமம். பழங்குடிக் குடும்பம். அப்பா அம்மா விவசாயக் கூலிகள். அரசு சமூக நல உறைவிடப் பள்ளியில் படிக்கும்போது பாறை ஏறும் பயிற்சிக்குத் தேர்வானார். முதலில் போங்கீர் கோட்டைப் பாறை. பிறகு டார்ஜிலிங். அதற்கப்புறம் லடாக் பனி. 2014 மே 25-ஆம் தேதி எவரெஸ்ட் உச்சியில் நின்றபோது அவருக்கு வயது 13 வருஷம் 11 மாதம். அதுவரை அவ்வளவு சின்ன வயதில் எந்தப் பெண்ணும் அங்கே ஏறியதில்லை. 2022-இல் ஏழு கண்டங்களின் உயர்ந்த சிகரங்களையும் ஏறி முடித்தார்.

நம்ம பிள்ளைகள் எவரெஸ்ட் ஏற வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்க. அவரை யாரும் எடுத்தவுடனே பனிமலையில் கொண்டுபோய் விடவில்லை. சின்னப் பாறையில் பழக்கி, படிப்படியாகத்தான் கூட்டிப் போனார்கள்.

பாறை ஏறப் பழக்கும்போது முதலில் சொல்லித்தருவது இது: இரண்டு கை, இரண்டு கால், ஆக நாலில் மூணு எப்போதும் பாறையில் உறுதியாக இருக்கணும். ஒன்றை மட்டும்தான் நகர்த்தணும். எங்கே கால் வைப்பது, இந்தக் கல் ஆடுமா என்று பிள்ளையே பார்த்து முடிவெடுக்கணும். வீட்டில் அந்த முடிவையெல்லாம் நாமே எடுத்துவிடுகிறோமே! இடுப்பில் கட்டிய கயிற்றைக் கீழே இன்னொருத்தி பிடித்திருப்பாள். மேலே ஏறுகிறவள் உயிர் அவள் கையில். குழுக் கடனுக்கு ஒருத்தருக்கொருத்தர் பொறுப்பு ஏற்கிறோமே, அது போலத்தான். "பயமா இருக்கு, கயித்தை இறுக்கிப் பிடி" என்று வாய்விட்டுக் கேட்கப் பழகின பெண், வேறு இடத்தில் ஆபத்து வந்தாலும் வாய் திறப்பாள் என்று நாங்கள் நம்புகிறோம்.

கயிறு இல்லாத ஒருநாள் நடையிலும் பாடம் உண்டு. மெதுவாக நடக்கிற பிள்ளையை முன்னால் விட்டு, மற்றவர்கள் அவள் வேகத்துக்கு நடக்க வேண்டும். கையில் இருக்கிற தண்ணீரைத் திரும்பி வரும்வரை வைத்துக் குடிக்க வேண்டும். தன் பையைத் தானே சுமக்க வேண்டும். மகனுக்கு இது ரொம்ப அவசியம்!

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்லவில்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். 2023 பிப்ரவரியில் விளையாட்டுப் போட்டிக்குப் போன 4 மாணவிகள் மாயனூர் காவிரியில் மூழ்கினார்கள். ஆகவே கேட்டுத் தெரிஞ்சுக்கணும். எந்த மாதம் போகிறார்கள்? காடு காய்ந்து கிடக்கும் மாதங்களில் வேண்டாம். வனத்துறை அனுமதி வாங்கினார்களா? வழி தெரிந்தவர் கூட வருகிறாரா? பெண் ஆசிரியர் உண்டா? கழிப்பறை எங்கே? ஆறு, அணை, அருவி வழியில் வருமா, வந்தால் தண்ணீரில் இறங்க விடுவார்களா? மழுப்பலாகப் பதில் வந்தால் அனுப்ப வேண்டாம். அது மகனானாலும் சரிதான்.

மாதவிலக்கு நாளாக இருக்குமோ என்ற தயக்கமும் நமக்கு உண்டு. இரண்டு நாப்கினும் பழைய தாள் கொஞ்சமும் பையில் வைத்து, ஆசிரியையிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பல குழுக்கள் நாப்கின் தயாரித்து விற்கிற காலத்தில் இதற்காகப் பிள்ளையை நிறுத்துவது நியாயமா?

அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள். உங்கள் குழுவில் எத்தனை மகள்கள் இப்படி ஒரு பயணத்துக்குப் போயிருக்கிறார்கள், எத்தனை மகன்கள் என்று எண்ணிப் பாருங்கள். பயணச் செலவுக்கு உள்கடன் கேட்டால் இருவருக்கும் ஒரே மாதிரி கொடுக்கலாமா என்று முடிவு செய்து, தீர்மான நோட்டில் எழுதி, ஊக்குநர் மூலம் எங்களுக்கும் தெரிவியுங்கள்.