நீளும் தோட்டக் குழாய்: வாங்கும் முன்னும் விற்கும் முன்னும்

மளிகையோடு பிளாஸ்டிக் சாமான்களும் வைத்திருக்கும் நம் உறுப்பினர்கள் பலர், கோடை தொடங்கும்போது தோட்டக் குழாயும் வாங்கி வைப்பதுண்டு. பழைய பச்சை ஓஸ் பைப்பை அடி கணக்கில் அறுத்துக் கொடுப்பதில் சிக்கல் ஏதுமில்லை. தண்ணீர் வந்தால் நீண்டு, நின்றால் சுருங்கும் புதுவகைக் குழாய் அப்படியல்ல. விவரம் சொல்லாமல் விற்றால் அது கடைக்கே திரும்பி வரும். ஆகவே அதன் தன்மையை நாம் அறிந்திருப்பது நல்லது.

அமைப்பு: உள்ளே ரப்பர் பால் கொண்டு செய்த மெல்லிய லேடெக்ஸ் குழாய், வெளியே பாலியெஸ்டர் துணி உறை. தண்ணீரின் அழுத்தம் உள்குழாயை நீட்டுகிறது; உறை அதை ஓர் அளவோடு நிறுத்துகிறது. அமெரிக்காவில் மைக்கேல் பெரார்டி என்பவர் 2012-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பெட்டியில் 50 அடி என்று இருந்தால் அது நீண்டபின் உள்ள அளவு. சுருங்கிய நிலையில் ஏறக்குறைய 17 அடிதான்.

அழுத்தக் கணக்கு: இக்குழாய் முழுதாக நீளச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 3 கிலோ அழுத்தம் வேண்டும். 10 மீட்டர் உயரத்து நீர் தருவது 1 கிலோ. நம் ஊரில் மாடித் தொட்டி உள்ள ஒரு தள வீட்டில், தொட்டி நீருக்கும் கீழ்க் குழாய்க்கும் 4 மீட்டர் இடைவெளி என்றால் கிடைப்பது 0.4 கிலோ மட்டுமே. மொட்டை மாடிக் குழாயில் அதுவும் இல்லை. அங்கே குழாய் கொஞ்சமே நீளும். 50 அடிக்குப் பணம் கொடுத்தவர் ஏமாந்ததாகவே எண்ணுவார். எனவே விற்கும் முன், "தொட்டித் தண்ணீரா, பிரஷர் பம்ப் உண்டா?" என்று கேளுங்கள். தொட்டித் தண்ணீர் என்றால் பச்சைக் குழாயையே கொடுங்கள்.

கொள்முதலில் பார்க்கவேண்டியவை:

1. இணைப்பு பித்தளையாக இருக்கட்டும். கடற்காற்று வீசும் நம் நகரில் மட்டமான உலோகம் சீக்கிரம் அரித்துப்போகும்.

2. மரை பொருந்துகிறதா என்று கடையிலேயே ஒரு குழாயில் மாட்டிப் பாருங்கள். அமெரிக்கத் தோட்டக் குழாயின் முக்கால் அங்குல மரை அங்குலத்துக்கு 11½ சுற்று; நம் குழாய்களின் முக்கால் அங்குல மரை 14 சுற்று. இரண்டும் சேராது, ஒழுகும்.

3. 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, நீளம், அதிகபட்ச விலை, மாதம், ஆண்டு, புகார் முகவரி ஆகியவை பெட்டிமேல் இருக்கவேண்டும். வெளிநாட்டுச் சரக்கானால் எந்த நாட்டுத் தயாரிப்பு என்பதும் வேண்டும்.

வாடிக்கையாளருக்குச் சொல்லவேண்டியவை: வேலை முடிந்ததும் முதலில் குழாயை மூடி, பிறகு முனையைத் திறந்து நீரை வடித்துவிடவேண்டும். முனையை மட்டும் மூடி அழுத்தத்தோடு விட்டுப்போனால் உள்குழாய் வெடிக்கும். வெயிலில் போட்டால் லேடெக்ஸ் கெடும். எண்ணெய் பட்டாலும் கெடும். காகிதப்பூச் செடியின் முள்மேல் இழுக்கக்கூடாது. தொட்டியிலிருந்து தண்ணீர் உறிஞ்சி எடுக்க இது உதவாது, உள்குழாய் ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று. "மூன்று வருஷம் உழைக்கும், நான் கியாரண்டி" என்று வாய்வீச்சில் சொல்லிவிடாதீர்கள். தயாரிப்பாளர் தராத உத்தரவாதத்தை விற்பவர் தாமாகத் தந்து, சரக்கு அதற்கு ஒவ்வாமல் தீங்கு நேர்ந்தால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்பவரும் பொறுப்பாளி ஆவார். பெட்டியில் அச்சிட்ட உத்தரவாதத்தைக் காட்டி, பில் போட்டுக் கொடுங்கள்.

ஒரு குழாயில் கிடைக்கும் லாபத்தைவிட, மாதாமாதம் மளிகைச் சீட்டோடு வரும் வாடிக்கையாளரின் நம்பிக்கை பெரிது. பொருந்தாத வீட்டுக்கு இக்குழாயை விற்காமல் இருப்பதும் நல்ல வியாபாரமே.