பிக்கப் மாற்றுமுன் அளந்து பாருங்கள்

கொழும்பில் இருக்கிற கிற்றார்காரர் ஒரு பிக்கப்பை வாங்கிப் பூட்டிப் பார்த்து, சரிவராவிட்டால் கடைக்காரரோடு பேசிப் பார்க்கலாம். கண்டாவளையில் அந்த வசதி இல்லை. நல்ல பிக்கப் பெரும்பாலும் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கிற மாமாவின் சூட்கேசில்தான் வந்துசேரும். பிழையானது வந்தால் அவரின் அடுத்த பயணம்வரை அது மேசை லாச்சிக்குள் கிடக்கும். ஆகவே அளவும் தெரிவும் அவர் பெட்டி கட்டுமுன்னமே முடிந்திருக்க வேண்டும்.

முதல் வேலைக்குப் பெரிய செலவில்லை. கம்பிகளை மாற்றுங்கள். கறுத்துப்போன கம்பியில் எவ்வளவு விலையான பிக்கப்பும் மந்தமாகத்தான் கேட்கும். சுண்டிக்குளம் பக்கத்து உப்புக்காற்றில் கம்பி கெதியாய்க் கறுக்கும். அடுத்தது பிக்கப்பின் உயரம். கம்பியைக் கடைசி பிரெற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கம்பிக்கும் பிக்கப்புக்கும் உள்ள இடைவெளியை அளவுகோலால் பாருங்கள். பிரிட்ஜ் பக்கம் 2 மில்லிமீற்றர், கழுத்துப் பக்கம் 3 மில்லிமீற்றர் அளவில் தொடங்கி, இரண்டு பக்கத்து ஆணிகளையும் அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்பிக் கேளுங்கள். கிட்ட வந்தால் சத்தம் கூடும். மிகக் கிட்ட வந்தால் காந்தம் தடித்த கம்பியை இழுத்து, சுருதி ஆடுகிற மாதிரிக் கேட்கும். பலருக்குப் பிரச்சினை இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும், மாமாவுக்கும் கரைச்சல் மிச்சம்.

அடுத்தது இரைச்சல். புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோவில் பங்குனி உத்தரம் போன்ற ஒரு திருவிழாக் காலத்து மேடையை நினைத்துப் பாருங்கள்: ஜெனரேற்றர், ரியூப் லைற் வரிசை, நீள நீளமான வயர்கள். எங்கள் மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். ஒற்றைக் கொயில் பிக்கப் அந்த 50 ஹேர்ட்ஸையும் அதன் மடங்குகளையும் வானொலி அன்ரெனா மாதிரிப் பிடித்து, அம்பிளிபயரில் ‘உம்’ என்று கொட்டும். அதற்காக உடனே பிக்கப்பைக் குற்றம் சொல்ல வேண்டாம். கிற்றாரோடு நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றித் திரும்புங்கள். திரும்பத் திரும்ப இரைச்சல் கூடிக் குறைந்தால் அது கொயில் பிடிப்பது. இரண்டு கொயில் கொண்ட ஹம்பக்கர் அதைக் குறைக்கும். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் அடங்குகிறதா? அப்படியென்றால் உள்ளே மறைப்பு போதாது; குழிக்குள் செப்புத் தாள் ஒட்டி ஏர்த்தோடு இணைத்தால் போதும். கம்பியையும் மைக்கையும் ஒன்றாகத் தொடும்போது ‘சுள்’ளென்று அடித்தால் வாசிப்பதை நிறுத்திவிட்டு, மேடை ஏர்த்தை மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு பார்க்க வேண்டும். அது உயிர் சம்பந்தப்பட்ட விசயம்.

இவ்வளவும் செய்தபிறகும் குறை இருந்தால், அது என்ன குறை என்று ஒரு வரியில் எழுதுங்கள். ‘நல்ல தொனி வேணும்’ என்று எழுதினால் உதவாது. ‘பிரிட்ஜ் பிக்கப் மெல்லிசாய்க் கீச்சிடுகிறது’, ‘கழுத்துப் பக்கம் மொத்தையாய்க் கிடக்கிறது’ என்று எழுதினால் ஒரு பிக்கப்பைத் தெரிவுசெய்யலாம்.

இனித் திறக்கலாம். கம்பிகளைக் கழற்றி, முன்தகட்டின் ஆணிகளை எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். மலிவான கிற்றார் என்றால், ஒற்றைக் கொயிலின் அடியில் சாம்பல் நிறக் காந்தக் கட்டி ஒன்று பசையால் ஒட்டியிருக்கும். அது செரமிக். மேலே தெரிகிற ஆறு குண்டுகளும் வெறும் இரும்பு. அடியில் கட்டி இல்லாமல் ஆறு தண்டுகளுமே காந்தமாக இருந்தால் அது அல்நிக்கோ: அலுமினியம், நிக்கல், கோபால்ற் சேர்ந்த காந்தம். செரமிக் இறுக்கமாகவும் கூர்மையாகவும் ஒலிக்கும், அல்நிக்கோ 5 தெளிவாகவும் உருண்டும் ஒலிக்கும், அல்நிக்கோ 2 இன்னும் மென்மை. கொயில் சுற்றும் விதத்தால் இது மாறும் என்றாலும் தொடங்குவதற்கு இந்தக் கணக்குப் போதும்.

மல்ரிமீற்றரை 20 கிலோ ஓமில் வைத்து, பிக்கப்பின் இரண்டு வயரையும் தொடுங்கள். ஸ்ராற்றோகாஸ்ரர் வகை ஒற்றைக் கொயில் 6 கிலோ ஓம் அளவில் காட்டும், பழைய பாணி ஹம்பக்கர் 8 அளவில், கடும் சூடானவை, அதாவது சுற்றுக் கூடிச் சத்தம் கூடியவை, 13 முதல் 16 வரை. மீற்றர் ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே முடி மாதிரியான செப்புக் கம்பி அறுந்திருக்கிறது. அப்போது மாற்றத்தான் வேண்டும். இந்த எண்ணை மட்டும் பார்த்துச் சத்தத்தைக் கணிக்காதீர்கள். மெல்லிய கம்பியில் சுற்றினால் சுற்றுக் கூடாமலே ஓம் கூடும்.

பலர் சறுக்குவது அந்த 16இல்தான். எண் பெரிது, ஆகவே நல்லது என்று நினைக்கிறார்கள். கொயில் சுற்றுக் கூடக் கூட நடு ஒலி தடிக்கும், மேல் ஒலி மங்கும். வீட்டில் தனியே வாசிக்கும்போது அது ராசாபோலக் கேட்கும். இரண்டு கீபோட் நிற்கிற இசைக்குழுவில் நடு ஒலி ஏற்கெனவே நிரம்பியிருக்கும், கிற்றார் அதற்குள் தாண்டுபோகும். நித்தி கனகரத்தினத்தின் பொப் பாட்டிலிருந்து பைலா வெட்டு வரைக்கும் வேண்டியது தெளிவான மேல் ஒலி. அதனால் என் தெரிவு இது: பிரிட்ஜில் 8 முதல் 9 கிலோ ஓம் அளவான அல்நிக்கோ 5 ஹம்பக்கர், மூன்று பிக்கப் உள்ள கிற்றாரில் மற்ற இரண்டையும் தொடாமல் விடுங்கள். முழுக்க முழுக்க மெற்றல் வாசிப்பவருக்கு இது பொருந்தாது, அவர் செரமிக்கையே எடுக்கட்டும்.

ஹம்பக்கர் என்பது எதிரெதிர்க் காந்தமுனையும் எதிரெதிர்ச் சுற்றும் கொண்ட இரண்டு கொயில். கிப்சன் நிறுவனத்துக்காக செத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வடிவம் அது. கொயில் இரண்டு என்பதால் அதற்கு அகலமான குழி வேண்டும். யமஹா பசிபிக்கா 112 மாதிரியானவற்றில் பிரிட்ஜில் அந்தக் குழி முன்னமே இருக்கிறது. மூன்றும் ஒற்றைக் கொயில் என்றால் மரத்தை வெட்டாமல், ஒற்றைக் கொயில் அளவுக்குள் அடங்குகிற ஹம்பக்கரைக் கேளுங்கள். சீமோர் டங்கனின் ஹொட் ரெயில்ஸ் அந்த வகை. ஆனால் அது சூடானது, 16ஐப் பற்றிச் சொன்னது அதற்கும் பொருந்தும்.

மாமாவுக்கு அனுப்பும் செய்தியில் இவை இருக்கட்டும்: பிரிட்ஜுக்கா கழுத்துக்கா, முதலாம் குண்டின் நடுவிலிருந்து ஆறாம் குண்டின் நடுவரை எத்தனை மில்லிமீற்றர் (ஹம்பக்கரில் 50 அளவிலும் 53 அளவிலும் இரண்டு வகை உண்டு), குழியின் ஆழம், நான்கு வயர் உள்ளதாக வேண்டும் என்பது. குழியை அளவுகோல் வைத்துப் படமெடுத்தும் அனுப்புங்கள். ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் பொட் (சத்தத்தையும் தொனியையும் கூட்டிக் குறைக்கும் திருகி) பொருத்தம், ஒற்றைக் கொயிலுக்கு 250. புதுப் பிக்கப் மங்கலாகக் கேட்பதற்குப் பழைய 250 பொட்டே காரணமாக இருக்கலாம், ஆகவே பொட்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

சோல்டர் அடிக்குமுன் பழைய இணைப்புகளைப் படமெடுங்கள். வயர் நிறம் கொம்பனிக்குக் கொம்பனி மாறும். சீமோர் டங்கனில் கறுப்புத்தான் ஒலி வயர். சிவப்பும் வெள்ளையும் ஒன்றோடொன்று சேரும், பச்சையும் வெறும் வயரும் ஏர்த். டிமார்ஸியோவில் சிவப்பு ஒலி வயர். கறுப்பும் வெள்ளையும் சேரும், பச்சையும் வெறும் வயரும் ஏர்த். கறுப்பென்றால் ஏர்த் என்ற பழக்கத்தில் டங்கனைப் பூட்டினால் இரைச்சல்தான் மிஞ்சும். 40 வோற் அயன் போதும். பொட்டின் முதுகில் நெடுநேரம் அழுத்தினால் உள்ளே கருகும்.

மூடுமுன் அம்பிளிபயரைக் குறைந்த சத்தத்தில் போட்டு, ஸ்குறூ ட்ரைவரால் குண்டுகளை மெல்லத் தட்டுங்கள். ‘டக், டக்’ என்று இரண்டு வரிசையிலும் ஒரேயளவு கேட்க வேண்டும். ஒரு வரிசை ஊமையாக இருந்தால் நடுவில் சேர வேண்டிய இரண்டு வயரில் பிழை. கம்பி போட்டபின், இரண்டு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும் நிலையில் சத்தம் மெலிந்து மூக்கால் பாடுகிற மாதிரி வந்தால் இரண்டின் கட்டமும் (பேஸ்) ஒன்றுக்கொன்று எதிராகியிருக்கிறது. புது ஹம்பக்கரின் ஒலி வயரையும் பச்சையையும் இடம் மாற்றுங்கள், வெறும் வயர் ஏர்த்திலேயே இருக்கட்டும். நான்கு வயர் கேட்டது இதற்காகவும்தான்.

உயரத்தை மறுபடி 2 மில்லிமீற்றரிலிருந்து தொடங்குங்கள். கடைசி முடிவை வீட்டு அறையில் எடுக்காமல், குழுவோடு ஒத்திகை பார்க்கும் சத்தத்தில் எடுங்கள். பழைய பிக்கப்பை அதன் ஆணிகளோடு பையில் போட்டு, எந்த இடத்தில் இருந்தது, எத்தனை ஓம் என்று எழுதி வையுங்கள். கிற்றாரை விற்கும் நாளில் வாங்குபவர் அதைத்தான் கேட்பார்.