கன்மேன் வேலையா? முதலில் தோட்டாவைப் படியுங்கள்

கணியூர் சுங்கச்சாவடியில் தொடங்கி அவிநாசி, திருப்பூர் வரை நூற்பாலைகள், நிட்டிங் கம்பெனிகள், வங்கிக் கிளைகள், ஏ.டி.எம்.முக்குப் பணம் கொண்டுபோகும் வண்டிகள். இவற்றில் துப்பாக்கியோடு நிற்பவர்களில் ராணுவத்திலோ போலீசிலோ ஓய்வு பெற்றவர்கள் நிறையப் பேர். படையில் இருந்தவரை தோட்டாவைப் பற்றிக் கவலை இல்லை. கிடங்கில் கணக்கு இருந்தது, பேட்ச் எண் இருந்தது, கெட்டதை ஒதுக்க ஆள் இருந்தது. தனியார் வேலையில் அந்தப் பொறுப்பு உங்களுடையது. பெல்ட்டில் செருகியிருக்கும் தோட்டா எந்த ஆண்டு வாங்கியது என்று கேட்டால் முதலாளிக்கே தெரியாமல் இருக்கலாம். எங்கிருந்து வந்தது, எப்படி வைத்திருந்தார்கள் என்று தெரியாத தோட்டா சுடுவதற்கு உரியதல்ல. இனம் கண்டு ஒதுக்குவதற்கு உரியது.

வேலைக்குச் சேரும் முன்

மூன்று தாள்களைக் கேட்டுப் பாருங்கள். ஒன்று, 2005ஆம் ஆண்டு தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி ஏஜென்சி பெற்ற உரிமம். இரண்டு, துப்பாக்கியின் லைசென்ஸ். அது உங்கள் பெயரில் இருக்க வேண்டும்; நிறுவனத்தின் பெயரில் இருந்தால், ரிடெய்னராக, அதாவது அந்தத் துப்பாக்கியை வைத்திருக்க அனுமதி பெற்றவராக, உங்கள் பெயர் அதில் ஏறியிருக்க வேண்டும். வேறொருவர் லைசென்ஸ் துப்பாக்கியை "இன்னைக்கு ஒரு நாள் பிடிச்சுக்கங்க" என்று கொடுத்தால் தொடாதீர்கள். வழக்கு உங்கள் மேல்தான் வரும். மூன்று, தோட்டா வாங்கிய பில். லைசென்சில் பதிவான எண்ணிக்கையும் கையிருப்பும் ஒத்துப்போகிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

அடித்தட்டைப் படியுங்கள்

தோட்டாவின் ஜாதகம் அதன் அடித்தட்டில் பொறித்திருக்கிறது. ராணுவத் தோட்டாவில் தொழிற்சாலையின் குறி, ஆண்டின் கடைசி இரண்டு எண்கள், ரகம் ஆகியவை இருக்கும். 12 போர் தோட்டாவில் தயாரிப்பாளர் பெயரும், குழல் அளவைக் குறிக்கும் போர் எண்ணும் இருக்கும். துப்பாக்கியில் பொறித்த அளவும் தோட்டாவில் பொறித்த அளவும் ஒன்றாக இருந்தால் மட்டுமே அடுத்த கேள்விக்குப் போகலாம். எழுத்து தேய்ந்து படிக்க முடியவில்லையா? அப்போதே அது ஒதுக்க வேண்டிய தோட்டா.

பிறகு உடலைப் பாருங்கள். பித்தளையில் பச்சைக் களிம்பு, கழுத்தில் மயிரிழை விரிசல், அடித்தட்டின் நடுவில் உள்ள கேப்பைச் சுற்றித் துரு, ஆடும் குண்டு, ஊறி உப்பிய காகித உறை என்று ஏதாவது ஒன்று இருந்தாலும் ஒதுக்குங்கள்.

த்ரீ நாட் த்ரீ கிடைத்தால்

பழைய வீட்டுப் பரணிலோ, இரும்புக் கடைக் குவியலிலோ, தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலோ சில சமயம் இந்தப் பழைய .303 ரைபிள் தோட்டா தலைகாட்டும். அடியில் விளிம்பு புடைத்த, 56 மில்லிமீட்டர் நீளப் பித்தளைக் கூடு. கே.எஃப். என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது புனே அருகே கிர்க்கியில், இன்றைய கட்கியில், செய்தது. கேப்பைச் சுற்றியுள்ள வண்ண வளையம் ரகத்தைச் சொல்லும்: ஊதா என்றால் சாதாரணக் குண்டு, சிவப்பு என்றால் ஒளிக்கோடு இழுத்துப் போகும் டிரேசர், பச்சை என்றால் கவசம் துளைப்பது, நீலம் என்றால் தீ மூட்டுவது.

உள்ளே இருக்கும் மருந்து பல சமயம் கார்டைட், சேமியாக் கட்டு போன்ற இழைகள். நம் நீலகிரியின் அருவங்காட்டில் 1903இல் நிறுவிய தொழிற்சாலை இந்தக் கார்டைட் செய்வதற்காகவே வந்தது. நைட்ரோகிளிசரினும் வெடிபஞ்சும் சேர்ந்த இந்த மருந்து வெப்பத்தில் மெல்லச் சிதையும். சிதைவில் வரும் அமில வாயு மேலும் சிதைவைத் தூண்டும். தகரக் கூரையடியில் பல கோடைகளைக் கண்ட தோட்டா எப்படி வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 ஜனவரியில்தான் த்ரீ நாட் த்ரீ துப்பாக்கிக்கு விடைகொடுத்தது. அதனால் அதன் தோட்டா அங்கங்கே கண்ணில் படுவது வியப்பல்ல. ஆனால் த்ரீ நாட் த்ரீ, தனியாருக்குத் தடைசெய்யப்பட்ட போர். தடைசெய்யப்பட்ட ஆயுதம், தோட்டா தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தபட்சச் சிறையை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 7 ஆண்டாக உயர்த்திவிட்டது. நினைவுப் பொருளாகக்கூட வைத்துக்கொள்ளாதீர்கள். தட்டிப் பார்ப்பது, குண்டை உருவுவது, அடுப்பில் போடுவது எதுவும் கூடாது. இருந்த இடத்திலேயே விட்டு, ஆட்களை விலக்கி, 112க்கு அழையுங்கள்.

12 போரில் இரண்டு பொறிகள்

நீளம் முதல் பொறி. பழைய டபுள் பேரல் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறையின் நீளம் 65 மில்லிமீட்டர். இன்று 70 மில்லிமீட்டர் தோட்டா பரவலாக வருகிறது. அந்த அளவு, சுட்டபின் வாய் விரிந்த கூட்டின் நீளம். சுடாத தோட்டா மடிந்து குறுகியிருப்பதால் பழைய அறைக்குள் தடையின்றிப் போய்விடும். சுடும்போது வாய் விரிய இடமின்றி அழுத்தம் எகிறும். ஆகவே, "உள்ளே போகிறதே" என்பது பொருத்தத்துக்குச் சான்றல்ல. அறை நீளத்தைத் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து அளந்து தெரிந்துகொள்ளுங்கள்.

வேறு போர் தோட்டா கலந்துபோவது இரண்டாவது பொறி. 12 போரில் தவறிப்போய் 20 போர் தோட்டாவைப் போட்டால் அது பேரலுக்குள் நழுவி நின்றுவிடும். காலி என்று நினைத்து அதன் பின்னால் 12 போரைப் போட்டுச் சுட்டால் பேரல் வெடிக்கும். இதனால்தான் 20 போருக்கு மஞ்சள் நிறம் வழக்கமானது. பெல்ட்டில் இரண்டையும் ஒருபோதும் சேர்த்து வைக்காதீர்கள்.

சாயப்பட்டறைப் பகுதியில் எங்கே வைப்பது?

ஆங்கிலேயர் காலத்தில், மழைக்காலம் முடியும்வரை ராணுவத் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். எடுத்துப் பார்த்தால் பித்தளை விரிசல் விட்டிருந்தது. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவே காரணம் என்று 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் விளக்கினார்கள். நம் பிரிண்டிங் பட்டறைகளிலும் அம்மோனியா உண்டு. ஆகவே தோட்டாப் பெட்டியைப் பிரிண்டிங் கூடம், கெமிக்கல் ஸ்டோர், பாய்லர் அறை மூன்றுக்கும் அருகில் வைக்காதீர்கள். அலுவலகக் கட்டடத்தில், உலர்ந்த அறையில், பூட்டிய இரும்புப் பெட்டியில், அதன் அட்டைப் பெட்டியோடு வையுங்கள். தோட்டாவுக்கு எண்ணெய் பூசாதீர்கள். எண்ணெய் கேப்புக்குள் கசிந்து அதைச் செயலிழக்கச் செய்யும். நனைந்ததை வெயிலில் காயவைத்துத் திரும்பச் சேர்க்கவும் கூடாது.

பயிற்சிச் சூட்டில்

அனுமதி பெற்ற தளத்தில், கண்ணுக்கும் காதுக்கும் காப்பு அணிந்து, பில்லும் பெட்டியும் உள்ள தோட்டாவை மட்டும் சுடுங்கள். விசை இழுத்தும் வெடிக்காவிட்டால் பேரலை இலக்கை நோக்கியே பிடித்து, குறைந்தது ஒரு நிமிடம் காத்திருங்கள்; தாமதமாக வெடிப்பது பழைய தோட்டாவின் குணம். சத்தம் வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டால் அடுத்ததைச் சுடவே கூடாது. முற்றிலும் காலி செய்து, பின்பக்கத்திலிருந்து பேரலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். பழைய ரகக் கேப் விட்டுச்செல்லும் உப்பு ஈரத்தை இழுத்துத் துரு பிடிக்கவைக்கும். மண்ணெண்ணெயில் உப்பு கரையாது. வெந்நீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, அதன்பின் எண்ணெய் போடுங்கள்.

முதல் வாரத்திலேயே செய்யுங்கள்

வேலையில் சேர்ந்ததும் ஒரு நோட்டு போடுங்கள்: வாங்கிய தேதி, கடை, போர், நீளம், பேட்ச், எண்ணிக்கை. கணக்கில் வராததையும் படிக்க முடியாததையும் தனியே எடுத்து எழுதி, நிறுவனக் கடிதத்தோடு காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். புதுத் தோட்டாவுக்கு ஆகும் செலவை முதலாளியிடம் தயங்காமல் கேளுங்கள். அவர் மறுத்தால், சந்தேகத் தோட்டாவைப் பெல்ட்டில் செருக நீங்களும் மறுத்துவிடுங்கள். துப்பாக்கி வெடித்துக் கை போனால் எந்தச் சம்பளமும் ஈடாகாது.