காரை ஓரங்கட்டினால்தான் ஆலப்புழை

குருவிகுளம் கரிசல் பூமி. மழை பெய்தால் குளம் பெருகும். குளம் பெருகினால் வெள்ளாமை. வந்த தண்ணீரைப் போகவிடாமல் பிடித்து வைப்பதுதான் இங்கே தலைமுறை தலைமுறையாக நடக்கும் பாடு. இங்கிருந்து காரில் ஐந்தாறு மணி நேரம் மேற்கே போனால், தண்ணீரை வெளியே இறைத்துத் தள்ளிவிட்டு நெல் விளைவிக்கும் குட்டநாடு வருகிறது. அதன் வாசலில் இருக்கிறது கால்வாய் நகரமான ஆலப்புழை.

சங்கரன்கோவில், புளியங்குடி, தென்காசி, செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு கணவாய் வழியாக மலையைக் கடக்க வேண்டும். விடியுமுன் கிளம்பிவிடுவது நல்லது. புளியரை எஸ் வளைவில் கேரளாவுக்குச் சரக்கு ஏற்றிய லாரிகள் வரிசைகட்டிவிட்டால் முந்தவும் முடியாது, ஒதுங்கவும் இடமிருக்காது. வாடகைக் கார் என்றால் பெர்மிட் விஷயத்தை முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். தென்மலைக்கு முன்னால் சாலையோரத்திலேயே 13 கண் பாலம் நிற்கிறது. 1904-ல் ரயில் ஓடத் தொடங்கிய கொல்லம்–செங்கோட்டைப் பாதையில் உள்ளது. புனலூரில் கல்லடை ஆற்றின் மேல் 1877-ல் கட்டிய தொங்கு பாலம். இரண்டுக்கும் கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

புனலூரிலிருந்து கொல்லம் போய்க் கடலோர நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம்தான். ஆனால் அதைத் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது அடூர், செங்கன்னூர் வழியாகச் சங்கனாச்சேரி சேர்ந்து, அங்கிருந்து ஆலப்புழைக்குத் திரும்பும் ஏ.சி. (ஆலப்புழை–சங்கனாச்சேரி) ரோட்டில் நுழைய வேண்டும். சுமார் 24 கிலோமீட்டரும் குட்டநாட்டு வயல்களின் நடுவே போகிறது. வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனின் பூர்வீக ஊரான மங்கொம்பு இந்த வழியில்தான்.

ஓரிடத்தில் இறங்கி வரப்பில் நின்றோம். ஒரு பக்கம் கால்வாய். மறுபக்கம், அதைவிடத் தாழ்ந்து கிடக்கும் நெல் வயல். வயலுக்குள் இறங்கித் திரும்பிப் பார்த்தால், கரைக்கு அந்தப் பக்கம் எங்கள் தலைக்கு மேலே ஒரு வள்ளம் போய்க்கொண்டிருந்தது. கடல் மட்டத்துக்குக் கீழே நடக்கும் இந்த விவசாயத்தை 2013-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் பாரம்பரியமாக ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு அங்கீகரித்தது. ஆனால், மழைக்காலத்தில் இதே சாலை தண்ணீருக்குள் போன வரலாறும் உண்டு. 2018 வெள்ளத்தில் குட்டநாடே மூழ்கியது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போகிறவர்கள் சாலை நிலவரம் விசாரிக்காமல் கிளம்பக் கூடாது.

நகருக்குள் வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, காரை ஓரிடத்தில் நிறுத்துவது. அதைச் செய்யாமல் வாடைக் கால்வாய்க் கரையோரமாகவே ஓட்டிப் பார்த்தோம். எதிரே ஆட்டோ வந்தது. ஒரு பக்கம் கடை, ஒரு பக்கம் தண்ணீர். பாலம் வரைக்கும் பின்னாலேயே எடுக்க வேண்டியதாயிற்று. இந்த ஊர் சக்கரத்துக்காகப் போட்டதல்ல. திருவிதாங்கூர் ஆட்சியில் 1762-ல் இங்கே துறைமுகம் திறந்தார்கள். வேம்பநாட்டுக் காயலையும் கடற்கரையையும் இணைக்க வெட்டியவைதான் வாடைக் கால்வாயும் கமர்ஷியல் கால்வாயும். மலையிலிருந்து வந்த மிளகும், ஊர்களிலிருந்து வந்த கயிறும் வள்ளத்திலேயே துறைமுகத்தைச் சேர்ந்தன. 1859-ல் ஜேம்ஸ் டாரா இங்கே கயிற்றுத் தொழிற்சாலை தொடங்கினார். 1862-ல் கலங்கரை விளக்கமும் கடல்பாலமும் வந்தன.

எனவே கடற்கரையில் காரை விட்டுவிட்டு, கால்வாயை ஒட்டிக் கிழக்கே படகுத் துறை வரை நடப்பதுதான் ஊரைப் பார்க்கும் வழி. சரக்கு கடலுக்குப் போன பாதையை எதிர்த்திசையில் நடக்கிறோம். பழைய பண்டகசாலைகளும், ஒன்றன்பின் ஒன்றாக வரும் பாலங்களும் எதற்கு என்று தானாகவே விளங்கிவிடும். சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட கலங்கரை விளக்கத்தில் பார்வையாளர்களை ஏற்றும் நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். நேரம் தெரியாமல் போய் ஏமாற வேண்டாம்.

படகுத் துறையில் ஹவுஸ்போட் பேசுவதற்கு முன், கேரள நீர்ப் போக்குவரத்துத் துறையின் பயணிகள் படகில் ஒரு முறை ஏறுங்கள். பஸ் டிக்கெட் போலக் குறைந்த கட்டணம்தான். நெடுமுடி பக்கம் போகும் படகு துறைக்குத் துறை நின்று போகிறது. பள்ளிப் பிள்ளைகள் பையோடு ஏறுகிறார்கள். காய்கறிப் பையுடன் ஓர் அம்மா, படகு கரையைத் தொடுவதற்குள் எட்டுவைத்து இறங்கி, நேரே தன் வீட்டு வாசலுக்குள் போய்விட்டார்.

திரும்பும்போது தெற்கே கடலோர நெடுஞ்சாலை. அம்பலப்புழை கிருஷ்ணன் கோவில் பால்பாயசம் பெயர்பெற்றது. அருகிலேயே கருமாடியில் பழைய புத்தர் சிலை, ‘கருமாடிக்குட்டன்’ என்கிறார்கள். காயங்குளத்தில் கிருஷ்ணபுரம் அரண்மனையின் கஜேந்திர மோட்ச ஓவியத்தைத் தவறவிடக் கூடாது.

இடையில் தோட்டப்பள்ளி. 1955-ல் கட்டிய 40 ஷட்டர் மதகின் மேலேயே நெடுஞ்சாலை போகிறது. பம்பை, மணிமலை, அச்சன்கோவில் ஆறுகளின் வெள்ளத்தைக் கடலுக்குத் திறந்துவிடும் இடம். அச்சன்கோவில் என்றதும் உடன் வந்த அப்பா காரை நிறுத்தச் சொன்னார். செங்கோட்டைப் பக்கம் போகும்போதெல்லாம் நாம் பார்க்கிற மலையின் அந்தச் சரிவில் பெய்த மழை, இங்கே வந்து கடலில் விழுகிறது. கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி அவர் வெகுநேரம் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.