நவீனத் தமிழ் நாடகத்தில் எளியோர் அவலம்: ‘நந்தன் கதை’யை முன்வைத்து

துன்பியல் நாடகத் தலைவன் பெரும்புகழும் உயர்நிலையும் உடையவனாக இருத்தல் வேண்டும் என்பது ‘கவிதையியல்’ நூலில் அரிஸ்டாட்டில் வகுத்த கொள்கை. ‘ஒரு விற்பனையாளரின் மரணம்’ அரங்கேறிய 1949ஆம் ஆண்டிலேயே ஆர்தர் மில்லர் ஒரு கட்டுரையில் இதனை மறுத்தார். தன்மதிப்பைக் காக்க உயிரையும் தரத் துணியும் எளிய மனிதனும் துன்பியல் தலைவனாகலாம் என்பது அவர் வாதம். இவ்விருவரையும் எடுத்துக்காட்டி, அவ்வளவுகோலால் தமிழ் நாடகத்தை அளப்பது ஆய்வுகளில் வழக்கமாகிவிட்டது. எளியோர் அவலத்தை அளக்கத் தமிழ் மரபிலேயே கருவி உண்டு என்பதை இந்திரா பார்த்தசாரதியின் ‘நந்தன் கதை’ (1978) வழி இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், அழுகையின் நிலைக்களன்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கைக் கூறும். இவற்றுள் பண்டைநிலை கெட்டு வருந்துதலாகிய அசைவு ஒன்றே அரிஸ்டாட்டில் கூறும் வீழ்ச்சியோடு ஒப்பது. பிறரால் இகழப்பட்டு எளியனாதலாகிய இளிவுக்கு முன்னர் உயரத்தில் இருந்திருக்க வேண்டியதில்லை. வறுமைக்குப் பேராசிரியர் தரும் விளக்கம் இன்னும் நுட்பமானது. பொருளின்மையை அவர் கருதவில்லை. துய்க்கப்பெறாத பற்றுள்ளத்தையே வறுமை என்கிறார். இவ்வுரை நாடகத் திறனாய்வில் போதிய கவனம் பெறவில்லை.

சேக்கிழார் காட்டும் திருநாளைப்போவார் தில்லைத் தீயுள் புகுந்து மறைமுனிவராய் வெளிப்படுகிறார். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார், பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் என்னும் நிலக்கிழார் பாத்திரத்தைப் படைத்தார். அதனால் நந்தனின் பக்தி பண்ணை அடிமைமுறைக்குள் சிக்கியது. எனினும் முடிவு அருளாகவே நின்றது. (வடலூரில் வள்ளலார் 1872இல் ஞானசபையைத் திறந்து, உட்புகுதற்குரிய தகுதியாகப் பிறப்பை விடுத்துக் கொலையும் புலாலும் தவிர்த்தலை வைத்ததும் இதே நூற்றாண்டில்தான்.) இந்திரா பார்த்தசாரதியின் நாடகத்தில் தீ, மேல்சாதியினர் கூடிச் செய்த சூழ்ச்சி. அதிலிருந்து எவரும் வெளிப்படுவதில்லை. கீழ்வெண்மணியில் 1968இல் 44 பேர் எரிந்த நிகழ்வை வைத்துக் ‘குருதிப்புனல்’ எழுதிய ஆசிரியரிடம், தீ மீண்டும் அருட்குறியீடாக இருந்திருக்க முடியாது.

நந்தன் வஞ்சிக்கப்பட்டவன், எனவே இரங்கத்தக்கவனேயன்றித் தலைவன் அல்லன் என்று வாதிடலாம். இவ்வாதம் வலுவானதே. ஆயின், சூழ்ச்சியாளர் கையாளும் கருவி எது என்று நோக்குதல் வேண்டும். ஆடவல்லானைக் காணும் நந்தனின் வேட்கையே அது. அவ்வேட்கையைக் கைவிட்டுப் பண்ணையாளாகவே இருந்திருப்பின் அவன் உயிர் பிழைத்திருப்பான். இளிவு அவன்மீது பிறர் சுமத்தியது. பேராசிரியர் பொருளிலான வறுமையோ அவன் தானே விடாது பற்றிக்கொண்டது. இப்பற்றே அவனை வெறும் பலியாளாக நில்லாமல் தலைவனாக்குகிறது. அரிஸ்டாட்டில் கூறும் பிழையை இங்குத் தேடுவது வீண்; தேடினால், ஆசைப்பட்டதே பிழை என்று கொள்ள நேரும். அது சூழ்ச்சியாளரின் தீர்ப்பையே திறனாய்வும் வழிமொழிவதாகும்.

நந்தனோடு எரியும் ஆடல்மகள் அபிராமியின் இறப்பை நான்கனுள் எதன்பாற்படுத்துவது என்பது எளிதன்று. கலையால் போற்றப்பட்டும் குலத்தால் இகழப்பட்டும் வாழ்ந்தவள் என்ற அளவில் இளிவு அவளுக்கும் உண்டு. நந்தன்பால் கொண்ட காதல் அவளது வறுமை. எஞ்சுவது இழவு. அதனை உணர்ந்து அழ அரங்கில் உரியவர் எவரும் இல்லை. தன்கண் தோன்றினும் பிறன்கண் தோன்றினும் அழுகை பிறக்கும் என்பது உரைமரபு ஆதலின், அவ்விழவு அவையோர்க்கு உரியதாகிறது.